மெலிந்த மோதிரம்

அரத்தை எங்கே ஒளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதன் பல்லிடுக்கில் மஞ்சளாக ஏதோ மின்னுவதைப் பார்த்த அதே நொடியில் கொட்டகை வாசலில் அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்டுவிட்டது. அறுந்த செருப்பைக் கட்டக் கம்பித்துண்டு கிடைக்குமா என்றுதான் அவருடைய கருவிப்பெட்டியைக் கிளறினாள். அரத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இங்க என்னடி குடையுற?"

"போனை வீட்டுலயே விட்டுட்டீங்கப்பா. குடுக்க வந்தேன்."

"போன் என்ன, என் பெட்டிக்குள்ளயா இருக்கு? முழிக்கிற முழியே சரியில்லையே."

சிரித்துக்கொண்டே கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

மூடிக் கிடந்த பழைய தங்கச் சுரங்கத்தில் மறுபடி துளை போட்டுப் பார்க்கிறார்கள். பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாக வரும் கல்லை இங்கேதான் அறுத்து, இடித்து, பொடியைப் பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அப்பாதான் மேஸ்திரி. இதுவரை போட்ட துளை எதிலும் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. இன்றைக்கு லாரியில் போகும் பொடியிலும் இல்லையென்றால் எந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பாவின் வேலையும் அதோடு சரி.

கொட்டகைக்குள் யாரும் தங்கம் போட்டுக்கொண்டு வரக்கூடாது. துளி உரசினாலும் சோதனையே பொய்யாகிவிடும். அவள் கம்மல்கூட வாசல் டப்பாவில்தான் கிடந்தது, அப்பாவின் கல்யாண மோதிரத்தோடு.

போன வாரம் அம்மா அந்த மோதிரத்தை உருட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க குண்டாகிட்டே போறீங்க, இது மட்டும் இளைச்சுப் போச்சு?"

"கல்லோட மல்லுக்கட்டுற கை. தேயாம என்ன பண்ணும்?"

மகளும் சேர்ந்து சிரித்தாள் அன்றைக்கு. வேலை நேரமெல்லாம் டப்பாவில் கிடக்கிற மோதிரம் எந்தக் கல்லில் தேயும்? இப்போதுதான் உறைத்தது.

"கையில என்ன? காட்டு."

நீட்டினாள்.

"ஓ, இதுவா! விரல் வீங்கிப்போச்சு. மோதிரத்தை அராவித்தான் கழட்டினேன்."

"அராவி வெட்டியிருந்தா வாய் பிளந்திருக்கணுமேப்பா. டப்பாவுல முழு வளையமால்ல கிடக்கு? அராவுன தூளெல்லாம் எங்கப்பா போச்சு?"

அப்பா அரத்தை வாங்கிச் சட்டையில் துடைத்தார். முகம் பார்க்காமல் மறுபடியும் துடைத்தார்.

வெளியே லாரி உறுமியது. கல்லைப் பற்றிப் படித்துவிட்டு வந்த மேடம், எல்லோருக்கும் 'கல்லம்மா', கதவைத் தட்டினார்.

"அண்ணே, மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு. உங்க பக்கம் எல்லாம் சரிதான? வண்டி கிளம்பட்டுமா?"

அப்பாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை. இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"கிளம்பட்டுமான்னு கேக்குறாங்க. நீயே சொல்லு கண்ணு, நான் என்ன சொல்லட்டும்?"