அழைத்துச் செல்ல வந்தவர்

நீதிபதியின் குடையைத் திருடியவர் தம் கொள்ளுத்தாத்தா என்று தெரிந்த நாளிலிருந்து, ஓய்வுபெற்ற அந்தத் தபால்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட திருட்டு! ஒரு திருட்டு வழக்கில் சாட்சி போதாமல் விடுதலையாகி வெளியே வந்திருக்கிறார். நல்ல மழை. வராந்தாவில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். ஆறு மாதம் உள்ளே. வீட்டில் அதை ‘வெளியூர் வியாபாரம்’ என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள்.

ஆவணக் காப்பகத்தின் நீதிமன்றக் கட்டுகளில் கிடைத்த இந்தக் கதையை அவர் டீக்கடை முதல் சம்பந்தி வீடு வரை சொல்லித் தீர்த்தார். சொந்தத் தம்பியைப் பற்றி மட்டும் அந்த வாய் திறந்ததில்லை. போலி ஓட்டுநர் உரிமம் அச்சடித்து மாட்டிக்கொண்ட தம்பி, காப்பகத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஜெயிலில் இரண்டு வருஷமாக இருந்தான். அண்ணன் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. நூறு வருஷம் ஊறினால் திருட்டுக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. இரண்டு வருஷத்தில் அது வெறும் அவமானம்தான்.

வெள்ளிக்கிழமை தம்பிக்கு விடுதலை. முந்தின நாளே தங்கச்சி போன் செய்தாள்.

“அண்ணா, பதினோரு மணிக்கு விடுவாங்களாம். தீர்ப்பு அன்னிக்கும் நீ வரல. இதுக்காவது போய்க் கூட்டிட்டு வா.”

“போறேன்மா. நான் என்ன கல்லா?”

“கல்லா இருந்தா வெச்ச எடத்துல இருக்கும். நீ வழியில அந்தக் குடைத் தாத்தாகிட்ட போயிடுவ.”

பத்து மணிக்கே கிளம்பினார். நேரம் கிடந்ததே என்று காப்பகத்துக்குள் நுழைந்தார். பத்தே நிமிஷம்.

“சார், உங்க ஆளு வந்தாச்சு” என்றார் குமாஸ்தா. மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த பழைய ஜெயில் விடுதலைப் பதிவேடு மேஜையில் இருந்தது.

தொட்டால் உதிரும் தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில் கிடைத்தார் தாத்தா: இடது புருவத்தில் தழும்பு, நடத்தை நன்று. ஓரக் கட்டத்துக்குத் தலைப்பு ‘அழைத்துச் செல்ல வந்தவர்’. மற்றவர்களுக்கு மனைவி, மாமன், மகன் என்று இருந்தது. தாத்தாவுக்கு ‘யாருமில்லை’.

“பாவி ஜனங்க. ஒருத்தர்கூடவா போகல?” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரிந்தது. பதினொன்று நாற்பது.

முட்டிவலியை மறந்து ஜெயிலுக்கு ஓடித் தம்பி பேரைச் சொன்னார்.

“அவரு அப்பவே போயிட்டாரே” என்றார் ஜெயில் வாசல் காவலர். “கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் நின்னு பாத்தாரு. அப்புறம் பஸ் ஏறிட்டாரு.”

காவலரின் மேஜையில் இன்றைய விடுதலைப் பதிவேடு விரிந்திருந்தது. தலைகீழாக எழுத்துப் படிப்பது தபால்காரருக்குக் கைவந்த கலை. அதே கட்டம். அதே சொல். மை மட்டும் புதுசு.

“இதுல அண்ணன்னு எழுதிக்கலாமா?”

“ஆளே போயாச்சு. யாரைக் கூட்டிட்டுப் போகப் போறீங்க சார்?”

முப்பத்தெட்டு வருஷம் ஒரு தந்தியைக்கூடத் தாமதமாகக் கொடுக்காத மனிதர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

“வந்துட்டான்” என்றாள் தங்கச்சி. “சாப்பிடறான்.”

“என்னைக் கேட்டானா?”

“கேட்டான். தாத்தாவைத் தேடிட்டு இருப்பாருன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“கிடைச்சாரான்னு கேட்டான்.”