பாதி பார்த்த இதயம்

தென்கொரியாவின் போஹாங் நகரில் நடந்த மயக்க மருத்துவர்கள் கூட்டத்தில், "இதயம் எப்படிச் சுருங்குகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, எப்படித் தளர்ந்து விரிகிறது என்றும் பார்க்க வேண்டும்" என்று நாற்பது நிமிடம் முழங்கினேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் இருவர் தூங்கியதை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை, முழங்கால் மாற்று அறுவைக்காக வந்திருந்த பியோ ஒக்-புன் அம்மாளைப் பரிசோதித்தேன். எழுபத்து நான்கு வயது. சந்தையில் கருவாடு விற்பவர். ஸ்கேன் கருவியை மார்பில் வைத்தேன். இதயம் அழகாகச் சுருங்கியது. "இதயம் பிரமாதம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விரிவதைப் பார்க்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

செவிலியர் மியோங், அம்மாளின் காலுறையைக் கழற்றினார். அதன் அச்சு கணுக்காலில் ஆழமாகப் பதிந்திருந்தது.

"அம்மா, ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?"

"தூங்குறேனே. கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற ஃபிரிட்ஜ்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு."

"ஏன், படுக்க முடியலையா?"

"படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு மாசமாச்சு. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

மியோங் என் பக்கம் திரும்பினார். "டாக்டர், நேத்து நீங்க என்னமோ பேசினீங்களாமே?"

கருவியை மறுபடி வைத்தேன். சுருங்குவதில் குறையில்லை. ஆனால் இறுகிப்போன இதயச் சுவர் அரைமனதாகத்தான் விரிந்தது. உள்ளே இடம் கிடைக்காத ரத்தம் நுரையீரலில் தேங்கத் தொடங்கியிருந்தது. நான் வழக்கம்போல் சலைனை ஓடவிட்டிருந்தால், அறுவை மேசையிலேயே அவருக்கு மூச்சுத் திணறியிருக்கும்.

அறுவை மருத்துவர் குக்கைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"காலைல பிரமாதம்னு எழுதுறீங்க, இப்போ தள்ளிவைங்கன்றீங்க. எந்த டாக்டர் சொல்றதை நான் கேக்கிறது?"

"ரெண்டாவது ஆள் சொல்றதை. முதல் ஆளு கொஞ்சம் மட்டம்."

அம்மாளிடமும் ஒப்புக்கொண்டேன். "தப்பு என்னோடதும்மா. முதல்ல சரியாப் பாக்கல."

"இப்போ பாத்துட்டீங்கல்ல? அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு?"

இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டார். கால் வீக்கம் வடிந்தது. வீட்டில் பாய் விரித்து நீட்டிப் படுத்தார். அதன்பிறகே அறுவை நடந்தது. சலைனைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிட்டபடி, இதயத்தின் ஒவ்வொரு விரிதலையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் வியர்த்தது. அவர் நிம்மதியாக இருந்தார்.

மூன்றாம் நாள் ஊன்றுகோலுடன் நடந்துகொண்டே பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னார்: "இந்த டாக்டர் நல்லவர்தான். பக்கத்துல அந்த நர்ஸ் இருக்கணும், அவ்வளவுதான்."

அன்று பிற்பகல் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பரிசோதிக்கப் போனேன். மியோங் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்டார்.