துண்டு மறைவில் ஒரு கண்

முத்தாயம்மாளின் வலது கண்ணுக்கு விலை எழுபத்தைந்து ரூபாய். அது பட்டணத்து டாக்டர் கேட்பது. சண்முகவேல் மனசுக்குள் வைத்திருந்தது ஐம்பது. நடுவில் நிற்கிற இருபத்தைந்து ரூபாயில் நல்ல கிடாரிக் கன்று ஒன்று பிடித்துவிடலாம்.

கட்டினவள் கண்ணுக்கு எவனாவது பேரம் பேசுவானா என்று கேட்கிறவர்கள் மாட்டுத் தரகர் வீட்டில் பிறக்காதவர்கள். எருமப்பட்டிச் சண்முகவேல் பேரம் பேசாமல் வாங்கியது பிறப்பு ஒன்றைத்தான். அதற்கும் கேட்டுப் பார்த்திருப்பார். அப்போது பேச்சு வரவில்லை.

தரகுக்கு அடுத்தபடி அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பட்டணத்து யோசனை. சென்னைப்பட்டணம் போகிறவர்கள் ரயில் டிக்கட்டு வாங்குவதற்கு முன்னால் அவரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் பட்டணம் போனதோ ஒரே தடவை. ஒரு மிராசுதாரின் நாலு காளைகளைக் கண்காட்சிக்கு ரயிலேற்றிக் கூட்டிப் போனார். கொட்டகையில் அவற்றோடு படுத்திருந்தார். அவற்றோடேயே திரும்பி வந்தார். அவர் பார்த்த பட்டணமும் காளைகள் பார்த்த பட்டணமும் ஒன்றேதான். காளைகளிடம் யாரும் யோசனை கேட்கவில்லை, இவரிடம் கேட்டார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். இது அவருக்கும் தெரியும். தனியாக இருக்கும்போது நினைத்துச் சிரித்துக்கொள்வார். நாலு பேர் கூடிவிட்டால் மட்டும் மறந்துபோகும்.

"ஏனுங்க, நாளான்னிக்கு ஐகோர்ட்டுக்குப் போறனுங்க. எதெதுல பதனமா, சாக்கிரதையா இருக்கோணும்?" என்று வரப்புத் தகராறில் மேல்முறையீடு செய்திருந்த குமாரசாமி வந்து கேட்டார்.

"பணத்தை மூணு எடத்துல வெய்யி. மச்சு ஊட்டை அண்ணாந்து பாக்காத. பாத்தீன்னா நாட்டுப்புறத்தான்னு கண்டுக்குவான். வழி கேக்கவே கேக்காத. கேட்டீன்னா நீ ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சு உன்னையவே வித்துப்போடுவான். நெஞ்சை நிமித்திக்கிட்டு நேராப் போ. எவன் என்ன வெலை சொன்னாலும் பாதிக்குக் கேளு. குடுக்கலீன்னா திரும்பி நட. அவனே கூப்புடுவான்."

"கூப்புடலீன்னா?"

"கூப்புடாத ஏவாரி இன்னும் பொறக்கல."

குமாரசாமி வழக்கில் தோற்றுத் திரும்பினார். ஜட்ஜியிடம் பாதிக்குக் கேட்காததுதான் குறை என்று சண்முகவேல் தீர்ப்புச் சொன்னார்.

அப்படிப்பட்டவர் சொந்த யோசனையைச் சொந்தச் செலவில் சோதித்துப் பார்க்க வேண்டிய காலம் முப்பத்தேழாம் வருஷம் பங்குனியில் வந்தது. முத்தாயம்மாளுக்கு வலது கண்ணில் இரண்டு வருஷமாகப் புரை. இடது கண்ணிலும் புகை படிந்தாற்போல் இருந்தது. நாமக்கல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இதை இனிமேல் விட்டால் கண்ணே வீணாகிவிடும். எழும்பூரில் ஒரு கண் டாக்டர் இருக்கிறார், எழுபத்தைந்து ரூபாய் கேட்பார், அவரிடம் போங்கள். சித்திரை பிறந்தால் அவர் நீலகிரிக்குப் போய்விடுவார், வர இரண்டு மாசம் ஆகும். அதற்குள் போய்விடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். சித்திரைக்கு நாலே நாள்தான் இருந்தது.

சேலம் ஜங்ஷனில் ரயிலேறி, காலையில் சென்ட்ரலில் இறங்கினார்கள். வெளியே ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்றன.

"இன்னா சாமி, எங்க போவணும்? எயும்பூரா? எட்டணா குடு, குந்து" என்றான் முதல் வண்டிக்காரன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வது மரியாதை இல்லை. துண்டை விரித்து, அதன் மறைவில் இரண்டு பேரும் கை கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். புதன்சந்தையில் முப்பது வருஷமாக நடக்கிற பழக்கம் சென்ட்ரல் வாசலில் நின்றுவிடுமா? சண்முகவேல் தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு, மூடிய கையை வண்டிக்காரனுக்கு முன்னால் நீட்டினார்.

வண்டிக்காரன் மூடிய கையைப் பார்த்தான். பின்னால் அவர் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்பிள்ளையைப் பார்த்தான். அவன் முகம் இளகிவிட்டது. இடுப்பிலிருந்து ஒரு காலணாவை எடுத்து, விரல் படாமல், துண்டின் மேல் போட்டான்.

"பெருவியாதியா? வெரலெல்லாம் பூட்ச்சா? இன்னா பண்றது, எயுதி வெச்சது. போ சாமி, காபி வாங்கிக் குடி. அந்தம்மாவுக்கும் குடு."

எட்டணாவை நாலணாவாக்க நினைத்தவர் காலணா லாபத்தில் நின்றார். இவ்வளவு சீக்கிரத்தில் லாபம் கண்ட பேரம் அவர் ஆயுசில் கிடையாது. இவ்வளவு கேவலமாகக் கண்டதும் கிடையாது.

"எத்தனைக்குப் படிஞ்சுதுங்க?" என்றாள் முத்தாயம்மாள்.

"பக்கந்தான் புள்ள. நடந்தே போயரலாம்."

"காப்பி குடிக்கச் சொன்னாரே?"

"வாய மூடிக்கிட்டு வா."

நெஞ்சை நிமிர்த்தினார். மேலே பார்க்கவில்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் குடியிருப்பவர் போல, டிராம் வண்டிகளுக்கு வழிவிட்டு, வளைவுகளில் வளைந்து, பாலம் வந்தால் ஏறி இறங்கி, வெயில் நன்றாக ஏறுகிறவரை நடந்தார்.

"ஏனுங்க, மறுபடியும் ரயில் சத்தமாட்ட இருக்குதுங்க" என்றாள் முத்தாயம்மாள்.

"பட்டணத்துல எங்க பாத்தாலும் ரயிலுதான்."

"அந்த ஜட்காக்காரரு கொரலுகூடக் கேக்குதுங்க."

சண்முகவேல் தலையைத் தூக்கிப் பார்த்தார். சென்ட்ரல் ஸ்டேஷனின் கோபுரம் அவருக்கு எதிரே நின்றது. காளைகளைக் கூட்டி வந்திருந்தால் இந்நேரம் அவையே வழி கண்டுபிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

முத்தாயம்மாள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பூ வாசனை வந்தது. அந்தப் பக்கம் திரும்பி, "சாமி, எழும்பூருக்கு எப்படீங்க போறது?" என்று கேட்டாள். பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வழி முழுவதையும் சொன்னாள். தெருமுனை வரைக்கும் கூடவே வந்து காட்டியும் விட்டாள். யாரும் யாரையும் விற்கவில்லை.

டாக்டர் பங்களாவின் தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பவுண்டர் ஒருவர் மேஜை போட்டு, வந்தவர்களை விசாரித்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். புரை முற்றியவர்கள் உள்ளே போனார்கள். முற்றாதவர்கள் ஊருக்குப் போனார்கள். இந்த ஏற்பாடு சண்முகவேலுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஏற்பாடு வேறு. மாடு வாங்கப் போகிறவன் மாட்டைப் புகழக் கூடாது. சுழி சரியில்லை, பல் தேய்ந்துவிட்டது, நடை நொண்டுகிறது என்று மட்டம் தட்டினால்தான் விலை இறங்கும். இங்கே மாடு இல்லை, நோய் இருந்தது. நோயை மட்டம் தட்டினார்.

"எந்தக் கண்ணு?" என்றார் கம்பவுண்டர்.

"வலதுங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க, லேசா மங்கலு."

"எத்தனை நாளா?"

"இப்பத்தானுங்க. மாசி நோம்பிக்கு அப்பறம்னு வெச்சுக்கங்களே."

"பார்வை இருக்கோ?"

"பேஷா இருக்குதுங்க. ஊசியில நூலு கோப்பா, அரிசியில கல்லுப் பொறுக்குவா. இந்தச் சில்லறை வேலைக்குப் போயி எழுபத்தஞ்சுன்னா..."

கம்பவுண்டர் பேனாவை மூடினார். "அப்போ புரை முத்தலை. முத்தாத கண்ணுல டாக்டர் கத்தி வைக்க மாட்டார். ஆடி கழிச்சு அழைச்சுண்டு வாங்கோ. அடுத்தது யாரு?"

சண்முகவேல் மேஜையை எட்டிப் பிடித்தார். "ஐயோ, இல்லீங்க! சுத்தமாத் தெரியாதுங்க. ரெண்டு வருசமாச்சு!"

"இப்பத்தானே ஐயா நூல் கோக்கறாள்னீர்?"

"அது கைப்பழக்கத்துல கோப்பாங்க."

பெஞ்சியில் சிரிப்பு எழுந்தது. சண்முகவேலுக்குக் காது சிவந்தது. கையில் மிச்சமிருந்த கடைசி வித்தையை எடுத்தார். "சரி, கட்டாதுங்க. நாங்க வாரமுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

மெதுவாகத்தான் நடந்தார். கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று நடுவில் நின்று வேட்டியைச் சரிசெய்தார். பூந்தொட்டி ஒன்றைக் குனிந்து விசாரித்தார். ஏற்கெனவே கட்டியிருந்த மடிமுடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். தாழ்வாரத்தில் கம்பவுண்டர் குரல் கேட்டது; ஆனால் அது வேறொரு கிழவரிடம், எந்தக் கண்ணு என்று கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிடாத வியாபாரி பிறந்துதான் இருந்தான்.

"என்னத்துக்குங்க நிக்கறீங்க?"

"இரு புள்ள. கூப்புடுவாங்க."

"ஏனுங்க, எங் கண்ணை நீங்க வாங்கறீங்களா, விக்கறீங்களா?"

முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"ஆடிக்குன்னா எனக்குக் கண்ணே இருக்காதுன்னு நாமக்கல்லுல சொன்னாங்க. நீங்களுந்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குரல் வந்த திசைக்குத் திரும்பித் தனியாகவே நடந்தாள். படி தடுக்கியது, சமாளித்துக்கொண்டாள். வலது பக்கத்தில், முக்காலியின் மேல், மருந்துத் தண்ணீர் நிறைந்த பெரிய பேசின் இருந்தது. வலது கண் தெரியாத அவளுக்கு அது இல்லவே இல்லை. முக்காலியும் பேசினும் தண்ணீரும் கம்பவுண்டர் மடியில் விழுந்தன.

சத்தம் கேட்டு அவள் கை கூப்பினாள். எதிரே இருந்த தூணைப் பார்த்துப் பணிவாகச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க சாமி. அவரு சொன்னது எல்லாம் ஏவாரமுங்க. எனக்கு இந்தக் கண்ணு தெரியாதுங்க."

இந்தத் தடவை பெஞ்சியில் யாரும் சிரிக்கவில்லை. நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே கம்பவுண்டர், "அம்மா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்றார்.

அதற்குள் சண்முகவேல் ஓடி வந்துவிட்டார். அத்தனை பேர் கேட்க, துண்டு மறைவு இல்லாமல், உள்ளதை உள்ளபடி வாயால் சொன்னார்:

"ரெண்டு வருசமுங்க. போன ஐப்பசியில ஊட்டுக்குள்ள வந்த என்னையவே ஆருன்னு கேட்டா. நான் இருமிக் காட்டினனுங்க. அப்பறந்தான் சோறு போட்டா."

கம்பவுண்டர் புதிதாகச் சீட்டு எழுதினார்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக முற்றியிருக்கிறது, இனித் தாமதிக்கக் கூடாது, நாளைக் காலையில் என்றார். சண்முகவேல் மடியில் கொஞ்சம், சட்டைக்குள் கொஞ்சம், மனைவியின் சுருக்குப்பையில் கொஞ்சம் என்று மூன்று இடத்திலிருந்தும் எடுத்து எழுபத்தைந்து ரூபாயை மேஜைமேல் வைத்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வருமோ என்று அவருக்கே பயம்.

கம்பவுண்டர் எண்ணிப் பார்த்துப் பதினைந்து ரூபாயைத் திருப்பித் தள்ளினார். "வெளியூர்க்காராளுக்கு அறுபதுதான். கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேனே."

சண்முகவேல் சிரித்தார். கம்பவுண்டர் எதற்கென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, எங்கூருல பட்டணத்துக்கு யோசனை சொல்றவரு ஒருத்தரு இருக்காருங்க. அவரை நெனச்சேன்" என்றார்.

மறுநாள் புரையை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு, சொன்னபடி டாக்டர் மலைக்குப் போய்விட்டார். அவருடைய உதவி டாக்டர்தான் கட்டவிழ்த்தார். சோடாப்புட்டி அடி போன்ற கண்ணாடி ஒன்றையும் மாட்டிவிட்டார். முத்தாயம்மாள் வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக மச்சு வீடுகளை அண்ணாந்து பார்த்தாள். டிராம் போனால் வாய் பிளந்து நின்றாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, அது என்னுங்க, இது என்னுங்க என்று கேட்டாள். அத்தனை பேரும் நின்று பதில் சொன்னார்கள். சண்முகவேல் தடுக்கவில்லை. அவள் பார்த்த பக்கமெல்லாம் அவரும் பார்த்தார். காளைகள் இல்லாமல் பார்க்கும்போது பட்டணம் நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில், "மொத்தம் எத்தனைங்க ஆச்சு?" என்று கேட்டாள். இடது கண்ணில் புரை இன்னும் முற்றவில்லை, அடுத்த பங்குனிக்குக் கூட்டி வாருங்கள் என்று உதவி டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் சேர்த்துச் சண்முகவேல், பெட்டியில் இருந்தவர்களெல்லாம் கேட்கும்படி, உரக்கவே கணக்குச் சொன்னார்:

"ரயிலுக்குப் பன்னெண்டு. சத்திரத்துக்கும் சோத்துக்கும் பதினஞ்சு. கண்ணாடி ஒம்பது. டாக்டருக்கு அறுபது. ஆகச் செலவு தொண்ணூத்தாறு ரூவா. வரவு, கண்ணு ஒண்ணு. பாக்கி, கண்ணு ஒண்ணு."