படத்தில் முளைத்த கிட்னி

எங்கள் ஸ்கேன் சென்டருக்குப் புது சாப்ட்வேர் வந்ததிலிருந்து டாக்டர் மகேஷ்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. சி.டி. படத்தில் மங்கலாக விழுவதை எல்லாம் அதுவே தெளிவாக்கிவிடுமாம். எப்படி என்று மெஷினை ஓட்டும் வினயிடம் கேட்டேன்.

"ஆயிரக்கணக்கான வயித்தைக் காட்டிப் பழக்கியிருக்கு, விஜயம் சேச்சி. தெரியாத இடத்துல வழக்கமா என்ன இருக்குமோ, அதை வரைஞ்சிரும்."

இல்லாததையும் வரைந்துவிடுமே என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள் சொல் அம்பலம் ஏறுமா?

மறுநாள் ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மொத்தக்கடை வைத்திருக்கும் பூதலிங்கமும் அவர் மனைவி உலகம்மாளும் வந்தார்கள். அம்மாளுக்கு இடுப்பில் குத்துவலி, நிமிர முடியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் புருஷனுக்குத் தன் இடது கிட்னியைக் கொடுத்தவர். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. வலது கிட்னியை ஒரு கல் அடைத்திருந்தது. இடது கிட்னி ஜம்மென்று இருந்தது.

"பேடிக்கண்டா, பயம் வேண்டாம். ஒண்ணு அடைச்சாலும் மற்றது வேலை செய்யும். ஒரு மாசம் கழிஞ்சு வந்தா போதும்," என்றார் டாக்டர்.

"எனக்கு மற்றது கிடையாதே சாரே! இவருக்குக் குடுத்தாச்சுல்லா! தழும்பைப் பாருங்க."

"தழும்பு வெளியே இருக்கு. படம் உள்ளே எடுத்தது."

பூதலிங்கம் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ ஆறு வருஷமா சொல்லிக் காட்டினது எல்லாம் சும்மாவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகம்மாளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவரையும் அதுல படுக்க வைங்க சாரே," என்றார். மெஷினின் பெருமையைக் காட்டும் ஆசையில் டாக்டரும் சம்மதித்தார்.

அந்தப் படமும் பளிச்சென்று வந்தது. பூதலிங்கத்தின் சுருங்கிப்போன சொந்தக் கிட்னிகள் இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன. மனைவியின் கிட்னியைப் பொருத்திய அடிவயிற்றில் வெறும் குடல்தான் தெரிந்தது.

உலகம்மாள் இடுப்பைப் பிடித்தபடி எழுந்தார். "இவருக்கு ரெண்டும் நல்லா இருக்குல்லா? அப்போ எனக்கதை இப்பமே எடுத்துத் தரச் சொல்லுங்க."

பூதலிங்கம் அடிவயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். "சாரே, உள்ள இருக்கு! அவ குடுத்ததுதான்! படம் பொய்!"

வினய் சாப்ட்வேரை அணைத்தான். அது தொடாத மங்கல் படத்தில் உலகம்மாளுக்கு ஒரு கிட்னிதான் இருந்தது.

கல்லை எடுக்க உலகம்மாளை அன்றே ஆபரேஷனுக்கு அனுப்பினோம். கூடப் போன ரிப்போர்ட்டில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: இடது கிட்னி கணவரிடம் உள்ளது.