தலை நிற்காத இருவர்

ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிறவள், பிள்ளை பெற்றதிலிருந்து படுத்தே கிடந்தாள். எழுந்து உட்கார்ந்தால் போதும், யாரோ உள்ளேயிருந்து மூளையைக் கீழே இழுப்பது போல மண்டையைப் பிளக்கும். படுத்தால் மாயமாய்ப் போய்விடும். படுத்தால் போகிற வலியை யார் நம்புவார்கள்? சொகுசு கண்டுவிட்டாள் என்று காதுபடவே பேசினார்கள். நல்ல நியாயம்!

அவள் உலகம் மின்விசிறிக்குக் கீழே சுருங்கியது. அதன் நிழல் சுற்றச் சுற்ற, கட்டில் டிரைவர் இல்லாத பேருந்தாய் எங்கேயோ மிதந்துபோகும். அரைத்தூக்கத்தில், "டிக்கெட், டிக்கெட்" என்று முனகுவாள். கண் விழித்தால், குழந்தை நாத்தனாரின் தோளில் உறங்கிக்கொண்டிருக்கும். என் தோளையே என் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

மருத்துவமனைக்குப் போகாமலா இருந்தார்கள்? போகும்போதெல்லாம் நர்ஸ், "பச்சை உடம்புக்காரி, எதுக்கு உட்கார்ந்திருக்கே? படுத்துக்கோம்மா" என்று கரிசனமாகப் படுக்க வைத்துவிடுவாள். டாக்டர் வருவதற்குள் வலி போயிருக்கும். "இப்ப எப்படி இருக்கு?" என்பார். "இப்ப இல்லை டாக்டர்" என்பாள். சத்து மாத்திரையோடு திரும்புவார்கள். அந்தக் கரிசனம்தான் அவளைக் கவிழ்த்தது.

இந்த முறை வந்தது புது டாக்டரம்மா. நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? குழந்தையின் கழுத்தைத் தாங்கியபடி, "பிள்ளைக்கும் தலை நிக்கல, பெத்தவளுக்கும் தலை நிக்கல. எனக்கு ரெண்டு கைதானே இருக்கு?" என்றாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "பெத்தவளுக்கா? எந்திரிச்சு நில்லுங்கம்மா. வலி வர்ற வரைக்கும் பேசிட்டிருப்போம்."

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளுத்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரசவத்தப்ப முதுகுல ஊசி போட்டாங்களா?"

"ஆமா டாக்டர்."

ஸ்கேன் எடுத்தார்கள். "ஊசி போட்ட இடத்துல கசியுது" என்றாள் டாக்டரம்மா. "மூளை தண்ணியில மிதக்கணும். தண்ணி குறைஞ்சதால, எந்திரிச்சா கீழே தொங்குது. உங்க ரத்தத்தையே எடுத்து அங்க போட்டா, உறைஞ்சு அடைச்சிடும்."

"அப்ப நான் பொய் சொல்லலைதானே?" என்று கேட்டவள் விம்மி விம்மி அழுதாள்.

கையிலிருந்து எடுத்த ரத்தம் முதுகில் இறங்கியபோது இடுப்பில் ஓர் அழுத்தம். கண்ணை மூடினாள். எங்கோ வெள்ளம் ஏறியது. தரைதட்டிக் கிடந்த பேருந்து அசைந்து, மெல்ல எழும்பி மிதந்தது.

கனம் எதுவும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பொறுத்தாள். தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளில், நாத்தனார் குழந்தையை அவள் தோளில் சாய்த்துவிட்டு, கழுத்துக்கு அணையாகக் கையை வைத்துக்கொண்டாள்.

பழகாத தோள். யாரிது என்று பார்க்க வேண்டாமா? குழந்தை தலையைத் தூக்கியது. தள்ளாடியது. பிறகு அம்மாவின் முகத்துக்கு நேரே அசையாமல் நிறுத்திக்கொண்டு, கண்கொட்டாமல் பார்த்தது. நாத்தனார் மெதுவாகக் கையை எடுத்தாள்.

"அடியே, தலை நின்னுடுச்சு!"

"யாருக்கு அண்ணி?" என்றாள், எதையும் பிடிக்காமல் நின்றவள்.

நாத்தனார், வேலையில்லாமல் போன இரண்டு கைகளாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.