பழம் அடிக்கும் முறையும் ஒரு கேள்வியும்

1

காலையில் எழுந்து வாசல் கதவைத் திறக்கிறேன். பால் பாக்கெட் பையில் கிடக்கிறது. கழுவி, வெட்டி, காய்ச்சுகிறேன். ஆற வைக்கிறேன். குளிக்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். ஃப்ரிஜ்ஜின் பனிப்பெட்டியிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுக்கிறேன். முந்தின நாள் நறுக்கிப்போட்ட வாழைப்பழத் துண்டுகள் அதில் கல்லாக இருக்கின்றன. மிக்ஸியில் போட்டு அடிக்கிறேன். குடிக்கிறேன். கம்பெனிக்குப் போகிறேன்.

இதில் கதை எதுவும் இல்லை. எனக்கும் தெரியும்.

கதை பிறந்த இடம் வேறு. என் மனைவி ராமாமணி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவளுடைய அம்மா சென்னியம்மாள், என் அத்தை, கிணத்துக்கடவில் தோப்பைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். இந்த வருடத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

"கடைசியா என்னங்க மாப்ள சொன்னா?"

ஒவ்வொரு தடவையும் நான் வேறு ஏதாவது பேசியிருக்கிறேன். மழை, தென்னைக்கு விழுந்த நோய், போத்தனூர் ரயில்வே கேட்டில் பஸ் நின்ற நேரம். அத்தையும் வற்புறுத்துவதில்லை. அடுத்த தடவை கேட்பார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வருஷத் திதிக்குச் சாமான் வாங்க வேண்டும். கேட்பார். அதற்குள் இதை எழுதி முடித்தால், என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்துவிடும் என நினைக்கிறேன். எழுத எனக்கு வேறு காரணம் இல்லை.

2

தொடக்கங்கள்.

"ராமாமணி ஓர் அழகான—"

நிறுத்திவிட்டேன். அவள் படித்தால், யாருங்க இந்தப் பொம்பளை என்று கேட்பாள்.

"தனபால் ஒரு வங்கியில் குமாஸ்தா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் மனைவி—"

தனபால் என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். ஒரு பக்கம் வரை நன்றாகத்தான் போனான். சமையலறைக்குள் நுழைந்ததும் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றுவிட்டான். அவனை அனுப்பிவிட்டேன். [வங்கி வேலையை ஏன் கொடுத்தேன் என்பதும் தெரியவில்லை. எனக்கு வங்கியில் யாரையும் தெரியாது.]

"அன்று வானம்—"

இல்லை. அன்று வானத்தை நான் பார்க்கவில்லை.

கடைசியில் செய்முறையிலிருந்து தொடங்கலாம் என்று முடிவுசெய்தேன். செய்முறையில் யாரும் அழ மாட்டார்கள்.

3

நன்கு கனிந்த ரஸ்தாளி. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்க வேண்டும். முந்தின சாயங்காலமே வில்லைகளாக நறுக்கிப் பனிப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். காலையில் இளநீர் வழுக்கை கொஞ்சம். கொழகொழவென்ற இளசு ஆகாது. கரண்டியால் சுரண்டினால் ஏடாக வரும் பதம். காய்ச்சி ஆறிய பால். நாட்டுச்சர்க்கரை ஒரு ஸ்பூன். பழம் இனித்தால் அதுவும் வேண்டாம்.

இதற்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. ஜூஸ் என்றால் தண்ணீராக இருக்கும். மில்க் ஷேக் என்றால் கிராஸ்கட் ரோட்டில் கண்ணாடி டம்ளரில் செர்ரிப்பழம் வைத்துக் கொடுப்பார்கள். இது ஸ்பூனில் எடுத்தால் நிற்கும், சாய்த்தால் வழியும். "அடிச்சு வெச்சிருக்கேனுங்க" என்பாள். அவ்வளவுதான்.

தொடங்கியதற்குக் காரணம் நான். காலையில் எனக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமான புதிதில் தினமும் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வருவாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கும் பஸ் இருக்கிறது. ஒருநாள் தட்டை மேசையில் வைத்தாள். மெல்லுவதற்கு நேரமில்லாதவருக்கு மென்றதையே கொடுத்துவிடுகிறேன் என்றாள். மறுநாள் மிக்ஸி சத்தம் கேட்டது.

நான் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மோட்டாரை ஓடவிட்டு, சுமை ஏற்றி, சூடு நிலைக்கும் வரை காத்திருந்து, எழுதுவது என் வேலை. மிக்ஸியும் எனக்கு ஒரு மோட்டார்தான். அவள் செய்வதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. உறைந்த பழத்தைப் பால் இல்லாமல் தனியாகப் போட்டு, விட்டு விட்டு அடிப்பாள். மோட்டார் முனகும். அதுவும் காலை வேளையில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும். பாலையும் சேர்த்தே போட்டால் சுமை குறையுமே என்றேன்.

"உங்க மோட்டார் நல்லா இருந்தாப் போதுமுங்களா, உங்களுக்கு நல்லா இருக்க வேண்டாமுங்களா?"

வேண்டுமானால் நீங்களே செய்து பாருங்கள் என்று ஜாரையும் கொடுத்துவிட்டாள். செய்தேன். பால் மேலே நுரைத்து மூடி வழியாக வந்தது. பழம் அடியில் பிளேடைச் சுற்றிக்கொண்டு கட்டியாகவே இருந்தது. அவள் துணியை எடுத்துக் கொடுத்தாள்.

பழத்தை மட்டும் அடிக்கும்போது முதலில் கடகடவென்று ஒரு சத்தம் வரும். பிறகு சத்தமே இல்லாமல் போகும், ஏனென்றால் பிளேடு வெறுமனே சுற்றும். அப்போது நிறுத்தி, கரண்டியால் தள்ளிவிட்டு, வழுக்கையைப் போட வேண்டும். மூன்றாவதாக ஒரு கனமான சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் பால் சேர்க்க வேண்டும்.* கொஞ்சம் கொஞ்சமாக. அவள் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பாள். சத்தத்தைக் கேட்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் போனபிறகு நானே அடித்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் திப்பி திப்பியாக வந்தது. அப்புறம் தண்ணியாக. ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அந்த மாதங்களில் எனக்கு வேறு எதைப் பற்றியும் அப்படித் தோன்றவில்லை.

* முதலில் "பால் ஊற்ற வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எங்கள் பக்கம் ஆள் போனால் மறுநாள் பால் ஊற்றுவார்கள். ஊற்றியிருக்கிறேன். இந்தக் கதை முழுக்கப் பாலைச் "சேர்க்க" மட்டுமே போகிறேன்.

4

நடந்ததைச் சொல்லாமல் தள்ளிப்போடுகிறேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அவள் பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் தலைவலி என்று உட்கார்ந்தாள். விழுந்துவிட்டாள். எனக்குப் போன் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேச்சு இல்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். சாயங்காலம் முடிந்துவிட்டது.

இதற்கு மேல் இந்தப் பகுதியை நீட்ட முடியவில்லை.

ஆகவே அவள் கடைசியாகப் பேசியது என்னிடம்தான் என்று அத்தை நம்புகிறார். வகுப்பில் என்ன சொன்னாள் என்பதைப் பிள்ளைகளிடமே போய்க் கேட்டுவிட்டார். "தலை வலிக்குது, சத்தம் போடாதீங்க." அது கணக்கில் சேராது என்று அவரே முடிவுசெய்துவிட்டார். வீட்டில் சொன்னதுதான் வேண்டும்.

எனக்கு அது நினைவிருக்கிறது. ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. பிரச்சினை அதுவல்ல. அது மிகவும் சின்னது. ஒரு தாய் வருடம் முழுவதும் காத்திருந்து வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

5

முஜீப் என் பக்கத்து மேடையில் மோட்டார் சோதிப்பவர். அவரிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன். டீ குடிக்கும்போது அவர் கேட்டது எனக்கும் தோன்றாததில்லை.

"நல்லதா ஒண்ணு சொல்லிருங்களேன். யாருங்க வந்து மீட்டர் வெச்சுப் பாக்கப்போறாங்க?"

இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவுகள் தயாரித்தோம்.

முடிவு ஒன்று. "எங்கம்மாவப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இது முஜீபுடையது. சொன்னதும் அவருக்கே கண் கலங்கியது. ஆனால் பஸ்ஸுக்கு ஓடுகிற எந்தப் பெண்ணும் இப்படிச் சொல்ல மாட்டாள். தவிர, அத்தையை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. மட்டை பொறுக்க வருகிறவர்கள் அவரைக் கண்டால் பீடியை அணைத்துவிடுகிறார்கள்.

முடிவு இரண்டு. என் பெயரைச் சொன்னாள். இதை எழுதிப் பார்த்தபோதே சிரிப்பு வந்தது. கேஸ் சிலிண்டர்காரர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் காட்டினவள் அவள். அது வெயிலில் அழிந்திருந்தது. அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி காட்டினாள். [நீங்களும் கவனித்திருக்கலாம், என் பெயர் இந்தக் கதையில் இல்லை. இனியும் வராது.]

முடிவு மூன்று. "போயிட்டு வாரேனுங்க."

இது சரியாகப் பொருந்தியது. தினமும் சொல்வதுதான். எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்லக் கூடாது. ராமாமணி சிறுமியாக இருந்தபோது வாய்தவறிப் போறேன் என்று சொன்னதற்காக, பஸ் ஸ்டாப்பிலிருந்து அவளைத் திரும்பக் கூட்டிவந்து சொல்லவைத்தவர் அத்தை. பஸ் போய்விட்டதாம். ஆகவே இது அவருக்கு நிம்மதி தரும். முறைப்படி சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறாள் என்று இருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அன்று அவள் அதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் வேறு ஒன்றைச் சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

முடிவு மூன்றையே எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை வரை இந்தக் கதை அங்கேதான் முடிந்தது. முஜீபும் நல்லா இருக்குதுங்க என்றார்.

6

ஞாயிற்றுக்கிழமை. [இந்தப் பகுதியை நான் தயாரிக்கவில்லை. நடந்த பிறகு எழுதுகிறேன்.]

அத்தை முதல் பஸ்ஸில் வந்தார். ஒரு கையில் எருமைப்பால் தூக்குப்போசி. மறுகையில் இளநீர்க் குலை. உள்ளே வந்து சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தார். காலையில் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னால் புரியாது, செய்து தருகிறேன் என்றேன்.

அவர் கொண்டுவந்த பாலையே காய்ச்சி ஃப்ரிஜ்ஜில் வைத்துக் குளிர்வித்தேன். மேலே ஆடை கெட்டியாகப் படிந்தது. இவ்வளவு ஆடை கிடைக்கிறதே, நன்றாக வரும் என்று முழுவதையும் வழித்துப் போட்டேன். பாக்கெட் பாலுக்குப் பழகிய கை. பாக்கெட் பாலை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. கம்பெனியில் செய்வதுபோலச் சத்தம் நிலைக்கும் வரை ஓடவிட்டேன். மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு நான்காவதாக ஒரு சத்தம் வந்தது. நான் கேட்டிராதது. குதூகலமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டினேன்.

மூடியைத் திறந்தால் வெண்ணெய். பழக்கூழில் வெள்ளையாக உருண்டை உருண்டையாக மிதந்தது.

அத்தை எட்டிப் பார்த்தார். ஒரு உருண்டையை விரலால் எடுத்து வாயில் வைத்தார்.

"வெண்ணெய் எடுக்கறதுக்கா மாப்ள என்சினீரிங் படிச்சீங்க?"

சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன் போலிருக்கிறது. அவர் என்னையே பார்த்தார். பிறகு வெண்ணெயை ஒரு கிண்ணத்தில் திரட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு டம்ளரில் ஊற்றினார். குடித்தோம். மோசமில்லை என்றார். அப்புறம், டம்ளரைக் கீழே வைக்காமலேயே, கேட்டார்.

நான் முடிவு மூன்றைத் தொடங்கினேன். "போயிட்டு—"

"அது இல்லீங்க." கையைக் காட்டி நிறுத்தினார். "ஊட்ட உட்டுக் கெளம்பறவங்க எல்லாரும் சொல்றதுதானுங்க அது. அத நானே நூறுதரம் கேட்டிருக்கறேன். அவ பேசுனது எல்லாத்தையும் நெனச்சு நெனச்சுப் பாத்து முடிச்சுப்போட்டேனுங்க. ஒண்ணும் மிச்சமில்ல. நான் கேக்காதது ஒண்ணாச்சும் உங்ககிட்ட இருக்குமில்லீங்களா. என்ன ஏதுன்னெல்லாம் இல்ல. நான் கேக்காததா இருந்தாப் போதும்."

இதை நான் எந்தத் தொடக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒரு வருடமாக அந்தக் கேள்வியை நான் தப்பாகவே எடைபோட்டிருந்தேன். பெரிதாக ஒன்றைக் கேட்கிறார் என்று நினைத்தேன். புதிதாக ஒன்றைக் கேட்டிருக்கிறார்.

சொன்னேன்.

அத்தையின் உதடு மட்டும் அசைந்தது, மனப்பாடம் செய்கிறவர்கள்போல.

"அவளேதானுங்க," என்றார். பிறகு, "இன்னொருக்கா சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே."

7

வழக்கமாக இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். என்னிடம் இல்லை. அத்தை அழுதாரா, நான் அழுதேனா, நாளைக் காலை மிக்ஸியைப் போடுவேனா, இதெல்லாம் உங்கள் விருப்பம். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிவைத்த முடிவுகளும் மேலே அப்படியே கிடக்கின்றன. நான் அடிக்கவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை சொன்னதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். செவ்வாய்க்கிழமை. நான் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டாள். தோளில் பை. தெருமுனையில் பஸ் ஹார்ன் அடித்தது. வாசல்படியில் இறங்கியவள் திரும்பி நின்று சொன்னாள்:

"ஏனுங்க, குடிச்ச டம்ளர்ல தண்ணி ஊத்தி வையுங்க. காஞ்சு புடிச்சுதுன்னா அப்பறம் எத்தன தேச்சாலும் போறதில்லீங்க."