திரை விலகாத வாசல்

தண்ணீர்ப் பிரிவில் இருந்த என்னை நகராட்சி தகன மேடைக்கு மேனேஜராக மாற்றினார்கள். எனக்கு முன்னால் அங்கிருந்தவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இங்க ஒரு நிம்மதி இருக்குய்யா. போனவங்க யாரும் திரும்பி வந்து புகார் குடுக்க மாட்டாங்க." கூட வருகிறவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய உலை டீசலில் ஓடியது. பக்கத்துத் தெரு மொட்டைமாடிகளில் காயும் துணியெல்லாம் கறுத்தது. எரிவாயு உலை வேண்டும் என்று கவுன்சிலில் கூட்டத்துக்குக் கூட்டம் பேசி, பாதிச் செலவை நகராட்சி ஏற்பது, மீதியை நன்கொடையாக வாங்குவது என்று தீர்மானித்தார்கள். நன்கொடை தருகிறவர் சொல்கிற பெயரை உலை வாசலுக்கு மேலே பொறிப்பதாகவும் தீர்மானம். பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் பெயர் போட அடித்துக்கொள்கிற ஊர்தான். இதற்கு யாரும் வரவில்லை. கடைசியில் இரும்புக்கடை முதலாளி வந்து தன் அப்பா பெயரில் தந்தார். அப்பா உயிரோடு இருந்தார்.

"அவருக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்றேன்.

"கேக்கல," என்றார்.

டெண்டர் எடுத்தது பேக்கரி அடுப்புகளும் செய்கிற கம்பெனி. அவர்கள் அனுப்பிய டெக்னீஷியன் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, "ஒரு லோடு ஏத்தி ஓட்டிப் பாக்காம ஒப்படைக்க முடியாது சார்," என்றான்.

"லோடுன்னா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"சரி, சரி," என்றேன்.

லோடு கிடைக்கவில்லை. பழைய உலையை உடைத்தாயிற்று. புதியதில் முதலில் போக யாருக்கும் மனமில்லை. "இதுல இதுக்கு முன்னாடி யாரையாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். முன் அனுபவம் இல்லாத உலை என்று பேர் கெட்டுவிட்டது.

திறப்பு விழா அன்று காலை, நகராட்சித் தலைவர் வருவதற்குள், ஒரு பெண் தன் அப்பாவைக் கொண்டுவந்தாள். கூட அக்கம்பக்கத்துக்காரர்கள் நாலைந்து பேர். நான் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

"யாராவது முதல்ல போய்த்தானே ஆகணும்," என்றாள். "எங்கப்பா எந்த வரிசையிலயும் முதல்ல நின்னதில்ல. இதுலயாவது நிக்கட்டும்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முகத்தைத் துக்கமாகவே வைத்துக்கொண்டேன். இந்த வேலையில் அது பழகிவிடும்.

டெக்னீஷியன் காற்றூதியைப் போட்டான். அறைக்குள் காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. தலைவர் கயிற்றை இழுத்துத் திறப்பதற்காக வாசலுக்கு மேலே தொங்கவிட்டிருந்த பச்சைத் திரை மேலே பறந்தது. அடியில் பித்தளை எழுத்துக்கள். அவள் அண்ணாந்து படித்தாள்.

"இது எங்க பெரியப்பா பேரு."

"நல்லதாப் போச்சும்மா. சொந்தக்காரங்க இடம்தான்," என்றேன்.

"எங்கப்பா இதுக்குள்ள போக மாட்டாரு."

அந்த இரும்புக்கடையை அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்திருக்கிறார்கள். ஊர் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றது. பெரியவர் மகன் கல்யாணப் பத்திரிகையில் சின்னவர் பெயர் விட்டுப்போனது. அச்சகத்துக்காரன் தப்பு என்றார் பெரியவர். அப்படியென்றால் வேறு பத்திரிகை அடி என்றார் சின்னவர். ஊரெல்லாம் கொடுத்தாயிற்றே என்றார் பெரியவர். "உன் பேரு இருக்கிற வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கிய சின்னவர், பிறகு ஏறவே இல்லை. அவர்தான் இப்போது ஸ்ட்ரெச்சரில் இருந்தார்.

"மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னாரு?" என்றான் டெக்னீஷியன். "படுத்துக்கிட்டுத்தானே போறாரு?"

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கேஸ் அளவைச் சரிபார்க்கப் போய்விட்டான்.

"உசிரோட இருந்தவரைக்கும் சொன்ன வார்த்தையக் காப்பாத்துனாரு சார். செத்த மறுநாளே நான் அத உடைக்கவா? நாங்களும் அடுத்த ஊருக்கே போயிக்கறோம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மகன் தலைவரை அழைத்துவரப் போயிருந்ததால் பெரியவர் மட்டும் கைத்தடியோடு இறங்கி வந்தார்.

"என்னப்பா, முதல் போணி வந்தாச்சா?" என்றவர் அவளைப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்.

"எப்ப?"

"நேத்து சாயங்காலம் பெரியப்பா."

"எனக்குச் சொல்லலையே."

"சொல்ல வேணாம்னாரு."

பெரியவர் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "செத்தும் வீம்பு விடல பாரு," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இவன் இதுல போக வேணாம். என் பேரு போட்ட வாசல் அவனுக்குப் புடிக்காது," என்றார்.

"நானும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்," என்றாள் அவள்.

"அப்ப பேரக் கழட்டு."

"கழட்டணும்னா கவுன்சில் கூடணுங்க," என்றேன். "மாட்டுனது அவங்க தீர்மானம்."

"அதுவரைக்கும் இவன இங்கயே வெச்சிருப்பியா?"

தண்ணீர்ப் பிரிவில் கற்றுக்கொண்டது கைகொடுத்தது. அங்கே குழாய் போட்டிருந்தாலும், தலைவர் வந்து திருகும்வரை கணக்கில் அது குழாய் இல்லை.

"தலைவர் கயித்த இழுத்தாத்தான் அங்க பேருன்னு ஒண்ணு உண்டு. அதுவரைக்கும் இது வெறும் நகராட்சி வாசல்," என்றேன்.

"நான்தான் படிச்சிட்டேனே," என்றாள்.

"நீங்க படிச்சது கணக்குல வராதும்மா."

"திரும்பத் திரை பறந்தா?"

டெக்னீஷியன் ஏணியில் ஏறித் திரையின் மூலைகளைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ வைத்து முடுக்கினான். பெரியவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அந்த ஸ்க்ரூ நிக்காது. பெருசா போடு. நடுவுலயும் ஒண்ணு போடு. இழுத்துப் பாரு. இன்னும் இழு."

திரை அசையவில்லை.

"சரி. ஏத்துங்க," என்றாள்.

தலைவர் வந்தபோது உலை ஓடிக்கொண்டிருந்தது. முடிகிறவரை உள்ளே விட முடியாது என்றேன். அவர் காரிலேயே உட்கார்ந்து தன் பேச்சைப் படித்துப் பார்த்துக்கொண்டார். பெரியவரின் மகன் மட்டும் வந்து எட்டிப் பார்த்தார். பெரியவர் கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

காத்திருப்பு அறையில் புது நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. பெரியவரும் அவளும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசியில என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"நாலு பேரு இருக்கற இடத்துல சொல்ற மாதிரி இல்ல பெரியப்பா."

பெரியவர் தலையாட்டினார். அதில் அவருக்கு ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை.

"பேரச் சொல்லித் திட்டுனானா, இல்ல சும்மா அவன் இவன்னா?"

அவள் யோசித்தாள்.

"பேரச் சொல்லித்தான்."

"முழுப் பேரா?"

"முழுப் பேரு."

"ம்," என்றார் பெரியவர். "அவன் என் பேர விட்டுடல."